கையால் அச்சிடும் வாழ்த்து அட்டை: சாரல் ஊர்க்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

செங்கோட்டை, புளியரையிலும், மலைக்கு அந்தப் பக்கம் ஆரியங்காவு, தென்மலை, புனலூரிலும் உள்ள தமிழ்க் குடும்பங்களில் பொங்கலுக்கு ஒரு அட்டை அங்கே போகும், ஓணத்துக்கு ஒரு அட்டை இங்கே வரும். அந்த அட்டைகளைக் கடையில் வாங்காமல் ஸ்டாம்ப்பும் மையும் வைத்துத் தாங்களே செய்ய விரும்புகிறவர்கள் என்னிடம் கேட்டவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். வெளிநாட்டுச் செய்முறைகள் பெரும்பாலும் காய்ந்த காற்றுள்ள ஊர்களை மனத்தில் வைத்துச் சொல்லப்படுபவை. ஆனி, ஆடிச் சாரலில் அவற்றை அப்படியே செய்தால் மை காயாது. ஆகவே நம் காற்றுக்கு ஏற்றபடிதான் பதில்கள்.

தொடங்குவதற்கு என்னென்ன வாங்க வேண்டும்?

ஒரு நல்ல கறுப்பு மை பேட், இரண்டு பெரிய அழிரப்பர், கூர்மையான ஒரு கட்டர், கொஞ்சம் கெட்டித் தாள், ஒரு ஸ்டீல் ஸ்கேல். இவ்வளவு போதும். ஆன்லைனில் வரும் பெரிய பெட்டி செட்டுகளை ஆரம்பத்திலேயே வாங்காதீர்கள். அதில் பத்து ஸ்டாம்ப் இருந்தால் எட்டு ஸ்டாம்ப்பில் பனிமனிதனும் மான்வண்டியும் இருக்கும், நம் பண்டிகைக்கு ஆகாது. அந்தப் பணத்தை நல்ல மைக்கும் தாளுக்கும் போடுங்கள். ஸ்டாம்ப்பை நாமே செதுக்கிக்கொள்ளலாம். மையை வீட்டில் செய்வது கடினம்.

ஆபீஸில் வைத்திருக்கிற ஊதா நிற ஸ்டாம்ப் பேட் போதுமா?

பழகுவதற்குப் போதும். எந்த ஸ்டேஷனரி கடையிலும் கிடைக்கும், விலையும் குறைவு. ஆனால் அது ரசீதிலும் விண்ணப்பத்திலும் முத்திரை குத்துவதற்கான மை. பேட் திறந்து கிடந்தாலும் சீக்கிரம் உலராமல் இருக்க அதில் கிளிசரின் அல்லது கிளைகால் வகைத் திரவம் சேர்த்திருப்பார்கள். இதனால் சாதாரண வெள்ளைத் தாளில் உறிஞ்சப்பட்டுக் காய்ந்துவிடும், வழவழப்பான அட்டையில் நெடுநேரம் ஈரமாகவே நிற்கும். இன்னொன்று, அந்த மை தண்ணீர் பட்டால் கரைந்து பரவும். முத்திரை குத்திய பூவுக்குள் வாட்டர் கலர் தீட்டலாம் என்று நினைத்தால் பூ முழுக்க ஊதாவாகிவிடும். வண்ணம் தீட்டாத, ஒரே நிறத்தில் நிற்கும் அட்டைக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

டை மை, பிக்மென்ட் மை என்கிறார்களே, எதை வாங்குவது?

டை மையில் சாயம் திரவத்தில் முழுக்கக் கரைந்திருக்கும். தாளுக்குள் இறங்கி நிற்கும், சீக்கிரம் காயும். ஆனால் வெயில் படும் இடத்தில் வைத்தால் நிறம் வெளுக்கும். பிக்மென்ட் மையில் நிறத்துகள்கள் கரையாமல் மிதந்துகொண்டிருக்கும். அது தாளின் மேல் படிந்து நிற்கும், மெதுவாகக் காயும், நிறமும் கெட்டியாக இருக்கும். கறுப்பு அல்லது கரும்பச்சைத் தாளில் வெள்ளையோ பொன்னிறமோ தெரிய வேண்டுமானால் பிக்மென்ட் மைதான். டை மை அங்கே காணாமல் போகும்.

வேறு இரண்டு வகையும் உண்டு. கண்ணாடி, பிளாஸ்டிக், பளபளப்பான அட்டை போன்ற உறிஞ்சாத பரப்புக்கு ஸ்டேஸ்ஆன் போன்ற சால்வென்ட் மை. சூடுபட்டால் உருகி அச்சை மேடாக்கும் எம்பாஸிங் தூளை ஒட்டுவதற்கென்றே வெர்சாமார்க் போன்ற நிறமில்லாத பசை மை.

ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், தண்ணீரில் கரையாத கறுப்பு என்று டப்பாவில் எழுதியிருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். அதில் கோட்டுப் படம் குத்திவிட்டு, காய்ந்த பிறகு குழந்தைகளின் வாட்டர் கலரையே உள்ளே தீட்டலாம். ஒரே பேடை வைத்துக்கொண்டு எல்லா நிறத்திலும் அட்டை செய்யும் வழி இது.

சாரல் காலத்தில் மை காயவே மாட்டேன் என்கிறது. என்ன செய்ய?

மை இரண்டு வழியில் காய்கிறது. தாள் கொஞ்சத்தை உறிஞ்சுகிறது, மீதி காற்றில் ஆவியாகிறது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நம் காற்றே ஈரத்தில் ஊறிக் கிடப்பதால் இரண்டாவது வழி ஏறக்குறைய அடைபட்டுவிடும். மையில் உள்ள கிளிசரின் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளவும் செய்யும். காலையில் குத்திய முத்திரை மாலையில் விரலில் ஒட்டுவது அதனால்தான். ஓணம் ஆகஸ்டிலோ செப்டம்பரிலோ வருவதால் ஓண அட்டைக்குத்தான் இந்தத் தொல்லை அதிகம். விஷுவும் சித்திரை முதல் நாளும் வெயில் காலத்தில் வருவதால் அப்போது எந்த மையும் காயும், மூட மறந்தால் பேடும் சேர்ந்து காயும்.

ஆகவே ஓண அட்டைக்கு டை மையும், உறிஞ்சும் தாளும் எடுங்கள். பிக்மென்ட் மை தவிர்க்க முடியாது என்றால், குத்திய உடனே ஹேர் டிரையரை ஒரு சாண் தள்ளிப் பிடித்து ஒரே இடத்தில் நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே காட்டுங்கள். அப்புறம் அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல், துணி காயப்போடும் கொடியில் வீட்டுக்குள்ளேயே கிளிப் போட்டு ஒரு ராத்திரி தொங்கவிடுங்கள். கட்டாயம் அடுக்க வேண்டுமானால் நடுவில் பட்டர் பேப்பர். தாளையும் கவனிக்க வேண்டும். திறந்த அலமாரியில் கிடந்த தாள் ஈரம் குடித்து அலையடித்திருக்கும், அதில் எந்த ஸ்டாம்ப்பும் சமமாகப் படியாது. பிளாஸ்டிக் கவரில் போட்டு, மருந்து டப்பாவிலும் செருப்புப் பெட்டியிலும் வரும் சிலிகா ஜெல் பொட்டலம் இரண்டை உள்ளே வைத்து மூடிவையுங்கள்.

எந்தத் தாள் நல்லது? கடையில் கேட்டால் ஆர்ட் கார்டு தருகிறார்கள்.

ஆர்ட் கார்டு ஆஃப்செட் அச்சுக்கு அருமையான தாள். சிவகாசியில் காலண்டருக்கும் அட்டைக்கும் பயன்படுகிற அதே வழவழப்பு. அதன் மேல் வெள்ளைக் களிமண் பூச்சு இருப்பதால் நம் மை உள்ளே இறங்காது, கையால் குத்தும் முத்திரை வழுக்கும். கடையில் பூச்சு இல்லாத கெட்டித் தாள் என்று கேளுங்கள். நகத்தால் லேசாகத் தடவிப் பார்த்தால் தெரிந்துவிடும். பளபளக்காமல், கொஞ்சம் சொரசொரப்பாக இருக்க வேண்டும்.

அட்டையின் உடம்புக்கு 250 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்), மேலே ஒட்டும் படத்துக்கு 160 முதல் 200 ஜிஎஸ்எம் போதும். வாட்டர் கலர் தீட்டப்போகிறீர்கள் என்றால் மேல் தாள் மட்டும் 300 ஜிஎஸ்எம் வாட்டர் கலர் தாளாக இருக்கட்டும். புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமக் கைத்தாள் போன்ற பருத்தித் தாள் பார்க்கவும் தொடவும் இனிமை. ஆனால் அதன் மேடுபள்ளத்தில் மெல்லிய கோடு விட்டுவிட்டு விழும். தடித்த வடிவங்களுக்கு மட்டும் அதை எடுங்கள்.

மடிப்பு பற்றி ஒரு வார்த்தை. தாளுக்கு இழை ஓடும் திசை உண்டு. இரு பக்கமும் லேசாக வளைத்துப் பாருங்கள், எந்தப் பக்கம் எளிதாக வளைகிறதோ அந்தத் திசையில் மடித்தால் மடிப்பு வெடிக்காது. மடிக்கும் முன் ஸ்கேலை வைத்து, மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி ஒரு கோடு இழுத்துவிடுங்கள். அந்தக் கோடு இல்லாமல் மடித்த அட்டை என்ன அழகாக இருந்தாலும் அவசரத்தில் செய்தது போலத்தான் தெரியும்.

ஸ்டாம்ப்பை நானே செதுக்க முடியுமா?

தாராளமாக. இந்தக் கலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியே இதுதான். படத்தை பட்டர் பேப்பரில் மெத்தென்ற பென்சிலால் அழுத்தி வரையுங்கள். வரைந்த பக்கம் அழிரப்பரில் படும்படி கவிழ்த்து, மேலே நகத்தால் தேயுங்கள். படம் இடவலம் மாறி ரப்பரில் விழும். குத்தும்போது மறுபடி மாறி நேராகிவிடும்.

செதுக்கும்போது கட்டரின் நுனி கோட்டிலிருந்து வெளிப்பக்கம் போகும்படி சாய்த்துப் பிடியுங்கள். கோட்டின் அடி அகலமாகவும் தலை குறுகலாகவும் நிற்க வேண்டும். நுனி உள்பக்கம் போகும்படி வெட்டினால் கோட்டுக்கு அடியில் பிடிமானம் போய், நாலு முறை குத்தியதும் பிய்ந்துவிடும். கையைத் திருப்பாமல் ரப்பரைத் திருப்புங்கள், வளைவு தானாக வரும். பிடிக்கும் விரல்கள் எப்போதும் பிளேடுக்குப் பின்னால் இருக்கட்டும். பெரிய வடிவம் வேண்டுமானால் தேய்ந்து தூக்கிப் போடும் ஹவாய் செருப்பின் அடிப்பகுதி நல்ல பொருள். கழுவிக் காயவைத்து வெட்டலாம்.

மெல்லிய கோடுகளால் ஆன படம் வேண்டும் என்பவர்கள் வெள்ளைத் தாளில் கறுப்புப் பேனாவால் வரைந்து, தென்காசியிலோ புனலூரிலோ ரப்பர் ஸ்டாம்ப் செய்யும் கடையில் கொடுத்துவிடலாம். அலுவலக முத்திரை செய்கிற அதே முறையில் உங்கள் படத்தைச் செய்து தருவார்கள். இடவலம் மாற்றுவது அவர்கள் வேலை, நீங்கள் நேராகவே வரைந்து கொடுங்கள். நிழல், சாம்பல் நிறம் எதுவும் இருக்கக்கூடாது.

எழுத்துகளைச் செதுக்கினால் புள்ளி உடைந்து போகிறதே?

எல்லோருக்கும் நேர்வது. "பொங்கல்" என்பதில் இரண்டு புள்ளி, "வாழ்த்து" என்பதிலும் இரண்டு. தனியாக நிற்கும் சின்னப் புள்ளிக்கு ரப்பரில் பிடிப்பு கிடையாது. ஆகவே எழுத்தை மட்டும் செதுக்கிக் குத்துங்கள். புள்ளியை, பென்சிலின் பின்னால் உள்ள ரப்பரை மையில் தொட்டுத் தனியாக வையுங்கள். சின்ன எழுத்தென்றால் ஒரு தீக்குச்சியின் அடி போதும். இப்படி வைத்த புள்ளிகள் எழுத்தின் கோட்டை விடக் கொஞ்சம் பெரிதாக, கோலப் புள்ளி மாதிரி அழகாக இருக்கும்.

ட, ப போன்ற நேர்க்கோட்டு எழுத்துகளில் பழகிவிட்டு ண, ஞ, ழ பக்கம் போங்கள். புனலூர் மாமா வீட்டுப் பிள்ளைகளுக்கு மலையாளத்தில் "ஓணாஷம்ஸகள்" என்று போட விரும்பினால், அந்த வட்ட எழுத்துகளைக் கட்டரால் வெட்டுவது கடினம். யு வடிவ வாய் உள்ள லினோ உளி வாங்கிக்கொள்ளுங்கள். அல்லது படத்தை மட்டும் குத்திவிட்டு வாசகத்தைக் கையால் எழுதுங்கள். கையெழுத்துக்கு உள்ள மதிப்பு எந்த ஸ்டாம்ப்புக்கும் கிடையாது என்பது என் எண்ணம்.

முழுச் சொல்லையும் ஒரே ரப்பரில் வெட்டினால் எழுத்துகளின் வரிசையும் வலமிருந்து இடமாக மாற வேண்டும். பட்டர் பேப்பர் முறையில் செய்தால் இது தானாக நடந்துவிடும்.

எங்கள் தோட்டத்து ரப்பர் ஷீட்டிலேயே ஸ்டாம்ப் வெட்டலாமா?

ஆரியங்காவு, தென்மலைப் பக்கத்திலிருந்து இந்தக் கேள்வி வருவது இயல்புதான். ஆனால் முடியாது. பால் உறைய வைத்து, உருட்டி, புகை போட்ட ஷீட் இன்னும் பச்சை ரப்பர். வெயிலில் இளகி ஒட்டும், குளிரில் விறைக்கும், கட்டர் பட்டால் இழுபடுமே தவிர சுத்தமாக அறுபடாது. 1839-ல் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர் ரப்பரோடு கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் அது உறுதிப்படும் என்று கண்டறிந்தார். ரப்பர் ஸ்டாம்ப் என்ற பொருளே அதற்குப் பிறகுதான் வர முடிந்தது. அந்த வேலையை வீட்டு அடுப்பில் செய்ய வேண்டாம், கந்தகப் புகை மூச்சுக்கு ஆகாது. ஆனால் தோட்டத்தில் உதிர்ந்து கிடக்கும் ரப்பர் மரத்து இலைகளை எடுத்துவாருங்கள். மூன்று மூன்றாக நிற்கும் அந்த இலை அச்சுக்கு மிக நல்லது.

காய், இலை வைத்து அச்சிட்டால் நன்றாக வருமா?

வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கினால் ஐந்து மூலைப் பூ கிடைக்கும். வாழை மட்டையைக் குறுக்கே வெட்டினால் உள்ளே அறை அறையாக இருக்கும், அது ஓலைப்பாய் பின்னியது மாதிரி விழும். நறுக்கிய உடனே குத்தாதீர்கள். வெட்டிய முகத்தைத் துணியில் ஒற்றி, பத்து நிமிஷம் காற்றாடவிட்டு, அப்புறம் மையில் வையுங்கள். காயை நேராக பேடின் மேல் அழுத்தினால் சாறு இறங்கி பேடைக் கெடுத்துவிடும். பழைய ஸ்பாஞ்சு துண்டில் மை எடுத்துக் காயின் மேல் தட்டுங்கள்.

இலையில் நரம்பு எடுப்பாகத் தெரியும் பின்பக்கத்தில்தான் மை தடவ வேண்டும். குற்றாலத்துப் பாறை இடுக்குகளில் வளரும் பெரணி மாதிரி மெல்லிய இலையானால், முதலில் ஒரு நாள் புத்தகத்துக்குள் வைத்துத் தட்டையாக்குங்கள். மை தடவிய இலையைத் தாளில் வைத்து, மேலே ஒரு செய்தித்தாள் துண்டு போட்டு, விரலால் நடுவிலிருந்து ஓரம் நோக்கி அழுத்துங்கள். ஓர் இலை ஏழெட்டு முறை தாங்கும்.

நம் ஊர் அடையாளம் தெரிகிற மாதிரி ஓர் அட்டை சொல்லுங்களேன்.

கழுதுருட்டிக்குப் பக்கத்தில் உள்ள பதிமூன்று கண் பாலம். 1904-ல் பயணிகள் ரயில் ஓடத் தொடங்கிய கொல்லம்–செங்கோட்டைப் பாதையில், கல்லால் கட்டிய வளைவுகளோடு நிற்கிறது. இதைச் செதுக்க பதிமூன்று வளைவு தேவையில்லை, ஒன்று போதும். ஒரே ஒரு வளைவும் அதன் இரு தூணில் ஒன்றும் வருமாறு அழிரப்பரில் வெட்டி, ஸ்கேலை ஓரமாக வைத்து, பக்கத்தில் பக்கத்தில் குத்திக்கொண்டே போங்கள். கடைசியில் ஒரு தூணை மட்டும் சேர்த்தால் பாலம் முடிந்தது.

பின்னால் மலை வேண்டும். ஒரு மலை வடிவத்தை செருப்பு ரப்பரில் வெட்டி, பச்சை மை தொட்டு முதலில் வேறு தாளில் ஒருமுறை குத்திவிடுங்கள். மறுபடி மை தொடாமல் அட்டையில் குத்தினால் நடுத்தரப் பச்சை. மூன்றாம் முறை குத்தினால் மங்கலான பச்சை. மங்கல் மலை தூரத்தில் இருப்பதாகக் கண் எடுத்துக்கொள்ளும். ஒரே மையில் இப்படி முன்மலையும் பின்மலையும் வந்துவிடும்.

பாலத்தின் மேல் மலை விழாமல் இருக்க, முதலில் பாலத்தைக் குத்திக் காயவிடுங்கள். அதே பாலத்தை ஒட்டும் குறிப்புத் தாளில் இன்னொரு முறை குத்தி, அந்த வடிவத்தை வெட்டி, அட்டையில் உள்ள பாலத்தின் மேல் ஒட்டி மூடுங்கள். அதன் மேலேயே மலையைக் குத்தலாம். தாளை உரித்தால் பாலம் முன்னாலும் மலை பின்னாலும் நிற்கும். வானத்துக்குச் சின்ன ஸ்பாஞ்சில் நீல மை எடுத்து, அட்டைக்கு வெளியிலிருந்து வட்டம் வட்டமாகத் தேய்த்து உள்ளே கொண்டுவாருங்கள். அட்டையின் நடுவில் முதல் தொடுகையை வைத்தால் அங்கே ஒரு கறை நின்றுவிடும்.

ஹீட் கன் (கடும் சூடான காற்று வீசும் கருவி) இல்லாமல் எம்பாஸிங் செய்ய முடியுமா?

முடியும். பசை மையிலோ பிக்மென்ட் மையிலோ குத்தி, ஈரம் இருக்கும்போதே எம்பாஸிங் தூளைத் தூவி, மிச்சத்தைத் தட்டிக் கொட்டிவிடுங்கள். தூளை உருக்கும் அளவு சூடு ஹேர் டிரையரில் கிடையாது, அதன் காற்று தூளையும் அடித்துக்கொண்டு போய்விடும். இஸ்திரிப் பெட்டியை நன்றாகச் சூடேற்றி, தகடு மேல்நோக்கி அசையாமல் இருக்கும்படி வைத்து, அட்டையின் பின்பக்கம் தகட்டில் படும்படி இடுக்கியால் பிடியுங்கள். தூள் உருகிப் பளபளப்பது கண்ணுக்கே தெரியும். தெரிந்த நொடியில் எடுத்துவிட வேண்டும், தாமதித்தால் தாள் பழுப்பாகும். இது பெரியவர்கள் செய்ய வேண்டிய வேலை.

ஈரக் காற்றில் தூள் வேண்டாத இடத்திலும் ஒட்டிக்கொள்ளும். முத்திரை குத்துவதற்கு முன்பே முகப்பவுடரை மெல்லிய துணியில் முடிச்சுப் போட்டு அட்டை முழுவதும் ஒற்றி எடுத்தால் தூள் அப்படி ஒட்டாது.

பொங்கல் அட்டைக்கு நான் எல்லோருக்கும் சொல்வது இது: வெள்ளைத் தாளில் கோலத்தை வெள்ளைத் தூளால் எம்பாஸ் செய்யுங்கள். பார்த்தால் ஒன்றும் தெரியாது. மேலே செம்மண் நிற டை மையைத் தண்ணீர் கலந்து பிரஷால் ஓட்டுங்கள். உருகிய தூளின் மேல் மை நிற்காது, துணியால் துடைத்ததும் செம்மண் தரையில் மாக்கோலம் எழுந்து நிற்கும்.

மஞ்சள், பீட்ரூட்டிலிருந்து மை எடுக்கலாமா?

எடுக்கலாம், நிலைக்காது. மஞ்சள் நிறம் வெளிச்சத்தில் வேகமாக வெளுக்கும், பீட்ரூட் சிவப்பு பழுப்பாகும். குழந்தைகளுக்கு மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்தால் சிவப்பாவதைக் காட்டி அச்சிடவைக்கலாம், மகிழ்வார்கள். வருஷக்கணக்கில் எடுத்துவைக்கப்போகும் அட்டைக்கு வேண்டாம்.

புதிதாக வாங்கிய கண்ணாடி மாதிரியான ஸ்டாம்ப்பில் மை முத்து முத்தாக நிற்கிறது.

ஃபோட்டோபாலிமர் ஸ்டாம்ப்பின் மேல் புதிதில் வழவழப்பு இருக்கும். பென்சில் ரப்பரால் மெதுவாக ஒருமுறை தேய்த்துவிடுங்கள், சரியாகிவிடும். இந்த வகை ஸ்டாம்ப்பை அக்ரிலிக் கட்டையில் ஒட்டிக் குத்துவார்கள். பழைய சிடி டப்பாவின் மூடியும் அதே வேலையைச் செய்யும், குத்தும் இடமும் தெரியும். பேடில் அழுத்தாமல் லேசாகப் பலமுறை தட்டி மை எடுங்கள். அட்டைக்கு அடியில் நாலைந்து செய்தித்தாள் மடித்து வைத்தால் அச்சு முழுசாக விழும். குத்தும்போது ஆட்டாமல், நேராக அழுத்தி நேராகத் தூக்குங்கள்.

வேலை முடிந்ததும் ஈரத் துணியால் துடைத்து, வெயில் படாத இடத்தில் வையுங்கள். தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர் எதுவும் இந்த ஸ்டாம்ப்பின் பக்கம் வரக்கூடாது.

சின்னக் குழந்தைகளோடு செய்ய எது பாதுகாப்பு?

ஃபோம் ஷீட். மழுங்கிய பென்சிலால் அழுத்தி மீன், யானை, வள்ளம் எது வரைந்தாலும் அது பள்ளமாகி, குத்தினால் வெள்ளைக் கோடாக விழும். பாட்டில் மூடியில் ஒட்டிக்கொடுத்தால் பிடிக்க வசதி. பிளேடு தேவையில்லை. விரல் ரேகை அச்சுக்குத் தண்ணீரில் கழுவினால் போகும் மை மட்டும் கொடுங்கள். ஆபீஸ் ஊதா மை தோலில் நாள்கணக்கில் நிற்கும்.

ஒட்டுவதற்கு மைதா பசை போதாதா?

வேண்டாம். இராமபாணப் பூச்சியும் கரப்பானும் தேடி வரும், தாளும் சுருங்கும். ஃபெவிகால் என்றால் ஓரத்தில் மெல்லிய கோடு மட்டும். டபுள் சைடு டேப் எல்லாவற்றையும் விட நல்லது.

தபாலில் அனுப்பினால் கசங்காமல் போய்ச் சேருமா?

அட்டையின் எடையை முதலில் பாருங்கள். சாதாரணக் கடிதத்துக்கு 20 கிராம் வரை ஒரு கட்டணம், அதற்கு மேல் ஒவ்வொரு 20 கிராமுக்கும் கூடும். 250 ஜிஎஸ்எம் ஏ4 தாளை இரண்டாக மடித்தால் அட்டை மட்டுமே ஏறக்குறைய 16 கிராம், உறையும் மேல் தாளும் சேர்ந்தால் 20-ஐத் தாண்டிவிடும். அதில் பாதி, ஏ5 தாளை மடித்துச் செய்தால் 8 கிராம்தான். உறையோடு சேர்த்தும் எல்லைக்குள் நிற்கும். முத்து, கண்ணாடிச் சில்லு, தடித்த பூ ஒட்டியிருந்தால் தபால் முத்திரை விழும்போது நொறுங்கும். அப்படிப்பட்ட அட்டையை நேரில் போகிறவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.

முத்திரையின் மேல் பட்டர் பேப்பர் துண்டு ஒன்றை வைத்து மடித்தால் மை எதிர்ப்பக்கத்தில் ஒட்டாது. உறையின் மேல் முகவரியை பால்பாயின்ட் பேனாவால் எழுதுங்கள். ஜெல் பேனா மை பலவும், ஊற்றுப் பேனா மையும் ஆரியங்காவு மழையைத் தாங்காது. பின்கோடைத் தெளிவாக எழுதுங்கள். பசை தடவிய உறைகளை முன்கூட்டியே வாங்கிவைத்தால் சாரல் ஈரத்தில் மூடி தானாகவே ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு மூடிக்கும் அடியில் பட்டர் பேப்பர் பட்டை ஒன்றைச் சொருகி, டப்பாவில் போட்டு வையுங்கள்.